சுட்ட சிப்பாய்களையும் குற்றவாளிகள் என்று சொல்லலாமா?

கரிசல்காரன்:
அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாக் படுகொலை என்றதும், சுட ஆணையிட்ட ஆங்கிலேயத் தளபதி டயரைத் திட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். 1919 ஏப்ரல் 13 அன்று அங்கே சுட்ட 50 பேரும் வெள்ளையர்கள் அல்ல, கூர்க்காக்கள் உள்ளிட்ட நம் பக்கத்துச் சிப்பாய்கள். சுமார் பத்து நிமிடங்களில் 1,650 தோட்டாக்கள். அரசு ஒப்புக்கொண்ட சாவே 379. அத்தனை பேரில் ஒருவன் துப்பாக்கியைக் கீழே வைத்ததாகத் தெரியவில்லை. இவர்களை ஏன் யாரும் கேள்வி கேட்பதில்லை?

செங்கமலம்:
வீட்டில் உட்கார்ந்துகொண்டு கேட்பது எளிது, ஐயா. படைக் கலகத்துக்கு மரண தண்டனை வரை உண்டு. ஊரில் குடும்பம் அந்தச் சம்பளத்தை நம்பியிருக்கும். அக்கம்பக்கத்தில் நிற்பவர்கள் எல்லாம் சுடும்போது ஒருவன் மட்டும் மறுத்தால் அவன் கோழை, துரோகி.

கரிசல்காரன்:
பெஷாவரில் மறுத்தார்களே! 1930 ஏப்ரல் 23, கிஸ்ஸா கவானி கடைவீதி. எதிரே நின்றவர்கள் பெரும்பாலும் பட்டாணிய முஸ்லிம்கள். சுடச் சொல்லப்பட்ட கர்வால் ரைபிள்ஸ் வீரர்கள் இமயமலை இந்துக்கள். நிராயுதபாணிகளைச் சுட மாட்டோம் என்றார்கள். சந்திர சிங் கர்வாலிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 1941இல்தான் வெளியே வந்தார். அவர்களுக்கும் அதே சட்டம், அதே சம்பளம்தான்.

செங்கமலம்:
அங்கே மறுத்தது தனி ஆள் இல்லை, ஒரு கூட்டம். சுடவைப்பதும் சுற்றி நிற்கும் தோழர்கள்தாம். மறுக்கத் துணிவு தருவதும் அவர்கள்தாம். அமிர்தசரஸில் அப்படி ஒரு சந்திர சிங் இல்லை. அதற்காகத் தனிச் சிப்பாயைத் தூக்கில் போடுவீர்களா?

நூலகத்துப் பூனை:
குறுக்கிடுகிறேன். அந்தப் படுகொலையை விசாரித்த ஹண்டர் குழுவிடம் டயரே என்ன சொன்னார் தெரியுமா? சுடாமலேயே கூட்டத்தைக் கலைத்திருக்கலாம், ஆனால் அவர்கள் திரும்பி வந்து தம்மைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள் என்றார். ஆணையிட்டவருக்கும் நாலு பேர் சிரிப்பார்களே என்ற பயம்தான்.

கரிசல்காரன்:
பூனையாரே, சுற்றியிருப்பவர்களுக்குப் பயந்து மனசாட்சியை மீறியவர்கள் கணக்கில் அவரைச் சேர்க்காதீர்கள். சந்துக்குள் கவச வண்டிகள் நுழைந்திருந்தால் இயந்திரத் துப்பாக்கியையும் பயன்படுத்தியிருப்பேன் என்று அதே குழுவிடம் சொன்னவர். மனசாட்சிக்கு விரோதமாக நடந்தார் என்பதற்கு முதலில் மனசாட்சி உறுத்தியதற்கான அடையாளம் வேண்டாமா?

செங்கமலம்:
சரி, டயரை விடுங்கள். கர்வாலிகளைக் காந்தியே ஆதரிக்கவில்லை. சுட மறுக்கும் சிப்பாய் தன் உறுதிமொழியை மீறுகிறான், நாளை நாங்கள் ஆட்சிக்கு வந்தாலும் இதே சிப்பாய்கள்தாம் தேவைப்படுவார்கள் என்ற பொருளில் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையாளரிடம் சொன்னார். 1931இல் வைஸ்ராய் இர்வினோடு அவர் செய்த ஒப்பந்தத்திலும், ஆணையை மீறித் தண்டனை பெற்ற படையினருக்கு விடுதலை இல்லை.

கரிசல்காரன்:
தெரியும். அந்த ஷரத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அது நாற்காலியில் அமரப்போகிறவரின் கவலை. தெருவில் குண்டுக்கு எதிரே நின்றவனிடம் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும்.

செங்கமலம்:
கோபம் இருக்கட்டும், அம்மாதிரிக் கவலையை அவ்வளவு எளிதாகத் தள்ளாதீர்கள். கலவர நாளில் சிறுபான்மையினரைக் காக்க அனுப்பப்படும் சிப்பாய், "என் மனசாட்சி இடம் தரவில்லை" என்று நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்?

கரிசல்காரன்:
அவன் மறுப்பது உயிரைக் காப்பதை. கர்வாலிகள் மறுத்தது உயிரை எடுப்பதை. இரண்டையும் உறுதிமொழி மீறல் என்று ஒரே பட்டியலில் சேர்ப்பதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன், அம்மா.