மெட்டல் டிடெக்டரில் என்ஈ5534 இற்குப் பதில் எந்த ஐசி?

கேள்வி (கல்லடி):
வணக்கம். கடற்கரை மணலுக்காக நான் செய்துவரும் பல்ஸ் இண்டக்சன் (கொயிலில் மின்னோட்டத்தைத் துடிப்பாக விட்டு நிறுத்தி, உலோகத்திலிருந்து வரும் சைகையைப் பிடிக்கும்) மெட்டல் டிடெக்டரின் முதல் பெருக்கிக்கு என்ஈ5534 என்ற இரைச்சல் குறைந்த பெருக்கி ஐசி தேவைப்படுகிறது. மட்டக்களப்புக் கடைகளில் 741 உம் டிஎல்071 உம் ஆகிய பெருக்கி ஐசிகள் மட்டுமே கிடைத்தன. இவற்றில் ஒன்றை அதே சொக்கெட்டில் செருகலாமா?

பதில் (கல்முனை):
741 வேண்டாம், தம்பி. கொயிலில் மின்னோட்டம் நின்ற சில மைக்ரோசெக்கனுக்குள்ளேயே சிறிய பொருளின் சைகை தேய்ந்துவிடும், வெளியீடு மைக்ரோசெக்கனுக்கு 0.5 வோல்ட் மட்டுமே நகரும் 741 மீண்டெழுவதற்குள் அது போய்விடும். டிஎல்071 இன் வேகம் மைக்ரோசெக்கனுக்கு 13 வோல்ட் என்றாலும், இரைச்சல் 5534 ஐவிடச் சில மடங்கு அதிகம் என்பதால் பொருளைக் கண்டறியும் ஆழம் குறையும்.

பதில் (காத்தான்குடி):
அண்ணன் சொன்னது சரி. ஆனால் ஓப்செட்டை (உள்ளீடு இல்லாதபோதும் வெளியீட்டில் நிற்கும் சிறு வோல்ட்டை) சீராக்கும் பொட்டை, அதாவது மாறு தடையைக் கவனியுங்கள்: 5534 இல் அது 1, 8 ஆம் கால்களுக்கிடையே நின்று நேர் (+) மின்வழங்கலுக்குச் செல்லும், டிஎல்071 இலோ 1, 5 ஆம் கால்களிலிருந்து எதிர் வழங்கலுக்கு. பழைய ஓடியோ மிக்சர் பலகைகளில் 5534 இருப்பதுண்டு. முதலில் அதைத் தேடுங்கள்.