ஞானப்பல் எடுத்தவருக்கு 20 ட்ரமடால் எதற்கு? வழி சொல்லுங்கள்

வணக்கம். பல் மருத்துவர்கள், மருந்தாளுநர்கள் யாராவது உதவுங்கள்.

நான் வேலை பார்க்கும் கிளினிக்கில் ஞானப்பல் எடுத்த எல்லோருக்கும் ஒரே மருந்துச்சீட்டு: ட்ரமடால் (அபின் வகையைச் சேர்ந்த, பழக்கமாகிவிடக்கூடிய வலி மாத்திரை) 50 மி.கி., 20 மாத்திரை. கணினியில் பதிந்து வைத்திருப்பதால் யாரும் யோசிப்பதே இல்லை. போன வாரம் தையல் பிரிக்க வந்த அம்மா ஒருவர் கைப்பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்துக் காட்டினார். அவர் போட்டது 3. மீதி 17 இருக்க வேண்டும், இருந்ததோ 6. "பையன் படிக்கிறப்போ தலைவலின்னு எடுத்திருப்பான்" என்று சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது.

இந்த வலிக்கு இபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும் சேர்த்துக் கொடுத்தாலே பெரும்பாலும் போதும். மூத்த மருத்துவரிடம் சொன்னேன். "வலின்னு ராத்திரி போன் வந்தா நீ எடுப்பியா?" என்றார். சரி, நியாயமான கேள்விதான்.

பதிந்து வைத்த எண்ணிக்கையைக் குறைத்தவர்கள் இங்கே உண்டா? எத்தனைக்குக் குறைத்தீர்கள்? அதன் பிறகு வலி என்று திரும்ப வந்தவர்கள் அதிகமானார்களா? வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இபுப்ரோஃபென் ஆகாதே, அவர்களுக்கு என்ன எழுதுகிறீர்கள்?

இன்னொன்று. தூக்கத்துக்கு அல்பிரசோலம் போடுவதைப் பலர் வாய்விட்டுச் சொல்வதில்லை. ட்ரமடாலோடு அது சேர்ந்தால் மூச்சே மந்தமாகிவிடலாம். எப்படிக் கேட்டால் சொல்கிறார்கள்?

அப்புறம், மிஞ்சிய மாத்திரைகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு வைத்திருப்பவர்கள் அதையும் எழுதுங்கள். புதன்கிழமை மூத்த மருத்துவரிடம் மறுபடி பேசப்போகிறேன்.