முவாசாக் ஆற்றங்கரையில் சந்தித்த பெரியவர்

2011 கோடையில், பிரான்சின் துலூஸ் நகரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான், முவாசாக்கின் பழைய மடாலயத்தைப் பார்க்கப் போயிருந்தேன். தார்ன் ஆற்றங்கரையில் 18 ஆம் எண் வீட்டை அண்ணாந்து பார்த்தபடி, எண்பது வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். பேச்சுவாக்கில், பள்ளியில் நானும் சாரணன் என்றேன். அவர் தம் கதையைத் தொடங்கிவிட்டார்.

ஜெர்மனியின் மன்ஹைமில் பிறந்த யூதர் அவர். 1940 அக்டோபரில் தென்மேற்கு ஜெர்மனியின் பாடன், பலாட்டினேட் பகுதிகளின் யூதர்கள் சுமார் 6,500 பேரைப் பிரான்சின் கூர்ஸ் தடுப்பு முகாமுக்கு நாஜிகள் ரயிலேற்றியபோது, அவர் குடும்பமும் அதில் இருந்தது. பிறகு தொண்டர்கள் சிறுவர்களை மட்டும் வெளியே கொண்டுவந்தார்கள். அப்படித்தான் அவர் இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார். 1923 இல் ரொபேர் காம்ஸோன் நிறுவிய பிரெஞ்சு யூதச் சாரணர் அமைப்பு 1939 டிசம்பரில் திறந்த இல்லம் இது. நடத்தியவர்கள் ஷத்தா, பூலி சிமோன் தம்பதியர்.

பிரெஞ்சு தெரியாத அவருக்கு முதலில் பிடிபட்டவை கயிற்று முடிச்சுகள்தானாம். சாரணர் வழக்கப்படி விலங்குப் பெயர் சூட்டினார்கள். அவருக்கு வாய்த்தது 'அணில்'.

1942 ஆகஸ்டில், வெளிநாட்டு யூதர்களைப் பிடிக்க, நாஜிகளோடு ஒத்துழைத்த பிரான்சின் விஷி அரசின் போலீஸ் வரவிருக்கும் செய்தி முன்கூட்டியே எட்டியதும், கூடாரமும் சட்டிபானையுமாகப் பிள்ளைகளை வரிசையில் நடத்தி, வழக்கமான சாரணர் முகாம் போலவே காட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். பள்ளி நாட்களில் அணிவகுப்புக்கும் பேட்ஜுக்கும் மேலாகச் சாரணியத்தில் எதையும் கண்டிராத எனக்கு, இதைக் கேட்கச் சற்று வெட்கமாக இருந்தது. சிறுவர்களுக்கோ அது கொண்டாட்டம். அடுப்பிலிருந்து புகை எழக்கூடாது என்று அண்ணன்மார் அதட்டியபோதுதான் தமக்குச் சந்தேகம் தட்டியது என்றார். காய்ந்த சுள்ளிகளை மட்டும் பொறுக்கி, விரலளவு நெருப்பில் உருளைக்கிழங்கை வேகவைத்தார்களாம். பாதி வேக்காடுதான்.

1943 இல் இல்லம் மூடப்பட, பிள்ளைகள் பொய்ப்பெயர்களோடு பண்ணைகளிலும் கன்னியர் மடங்களிலும் சிதறினார்கள். சட்டையில் தைத்திருந்த முதலெழுத்துகளுக்குப் பொருந்தும்படியே தமக்குப் புதிய பெயர் தேர்ந்தார்கள் என்று சட்டைக் காலரைத் தொட்டுக் காட்டினார்.

பெற்றோரைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: கூர்ஸிலிருந்து அவர்களைக் கிழக்கே, நாஜிகளின் கொலை முகாமுக்கு ரயிலேற்றியதும் அதே ஆகஸ்டில்தான், அவர் காட்டில் புகை எழாமல் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்த மாதத்தில்.