ஈட்டி மரத்தில் பென்சில் கோடு தெரியவில்லை, வெள்ளைப் பென்சில் கோடு தடிமனாக விழுகிறது: என்ன செய்யலாம்?

இழைப்புளி:
வணக்கம். 12 மி.மீ. ஈட்டிப் பலகையில் டிராயருக்கு டவ்டெயில் (புறாவால்போல் விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோக்கும் மூலை இணைப்பு) போடுகிறேன். சாதாரணப் பென்சில் கோடு ஒரு கோணத்தில் பளபளக்கிறது, தலையைத் திருப்பினால் காணோம். வெள்ளைக் கலர் பென்சில் தெரிகிறது, ஆனால் நாலு கோடு இழுப்பதற்குள் முனை மழுங்கி ஒரு மி.மீ. அகலத்துக்கு வந்துவிடுகிறது. கோட்டின் எந்த ஓரத்தில் அறுப்பது என்றே புரியவில்லை, இணைப்பில் சந்து விழுகிறது. இதைவிட நல்ல வெள்ளைப் பென்சில் இருக்கிறதா?

கூர்உளி:
பென்சிலை மாற்றிப் பயனில்லை. இணைப்புக்கான கோட்டைக் கத்தியால் கீறுங்கள். ஒரு பக்கம் மட்டும் சாணை பிடித்த மார்க்கிங் கத்தி வேண்டும். தட்டையான பக்கம் மூலைமட்டத்தை ஒட்டியும், சரிவான பக்கம் வெட்டி எடுக்கும் பகுதியைப் பார்த்தும் இருக்கட்டும். முதல் கீறல் மிக லேசாக, மரத்தைத் தொட்டும் தொடாமலும். இரண்டாவது, மூன்றாவதில்தான் அழுத்தம். முதலிலேயே அழுத்தினால், முக்கியமாக ரேகை ஓடும் திசையில் கீறும்போது, கத்தி மட்டத்தை விட்டு ரேகையோடு போய்விடும்.

கீறல் கண்ணுக்குத் தெரிய, சாதாரண வெள்ளைச் சாக்பீஸைப் படுக்க வைத்து மேலே தேய்த்து, உலர்ந்த விரலால் கோட்டுக்குக் குறுக்கே துடையுங்கள். கோட்டின் போக்கிலேயே துடைத்தால் பள்ளத்தில் இருக்கும் தூளும் வந்துவிடும். கலர் சாக்பீஸ் வேண்டாம், சாயம் மரத்தில் ஏறும்.

ரம்பப்பல்:
கீறுவது சரி. சாக்பீஸ்தான் ஈட்டிக்கு ஒத்துவராது. கருங்காலி போல இறுகிய மரத்தில் அழகாக நிற்கும். ஈட்டியில் நுண்துளைகள் பெரியவை, தூள் அங்கேயும் புகுந்து பலகை முழுக்க வெள்ளைக் கீற்றாகிவிடும். எது கோடு, எது துளை என்று தேட வேண்டியதுதான். பாலிஷ் ஏறியபின் அந்த வெள்ளை இன்னும் எடுப்பாகத் தெரியும்.

இதற்கு மாஸ்கிங் டேப் நல்லது. கோடு வரும் இடத்தில் டேப்பை ஒட்டி நகத்தால் நன்றாக அழுத்துங்கள். அதன் மேலேயே கத்தியால் மரம்வரை கீறி, வெட்டி எடுக்கும் பக்கத்து டேப்பை மட்டும் உரித்துவிடுங்கள். மிச்சமிருக்கும் டேப்பின் விளிம்புதான் உங்கள் கோடு. ரம்பம் டேப்பை உரசிக்கொண்டு போகலாம், டேப்பைத் தின்னக்கூடாது. எந்தப் பக்கம் அறுப்பது என்ற குழப்பமும் இதோடு தீர்ந்தது. கத்தி மழுங்கியிருந்தால் டேப் சுருண்டு கிழியும், அப்போது விளிம்பு பிசிறடிக்கும்.

கேஜ் (பலகை ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் கோடு போடும் கருவி) வைத்துக் கோடிழுத்தால் அதன் கட்டை டேப்பின் மேல் உட்காரக்கூடாது. டேப்பின் தடிமன் அளவுக்கு எல்லாக் கோடும் தள்ளிப்போகும். ஆணி வைத்த கேஜ் டேப்பைப் பிய்த்துவிடும். சக்கரமோ கத்தியோ உள்ள கேஜை எடுங்கள்.

இழைப்புளி:
டேப் முறை பலகையின் முகத்தில் நன்றாக வந்தது, நன்றி. ஆனால் வால்களை (ஒரு பலகையில் வெட்டிய விரிந்த பற்கள்) வைத்து, அவற்றின் நடுவே நுழையும் பின்களை அடுத்த பலகையில் குறிக்க, அதன் வெட்டுமுகத்தில் (ரேகை முடியும் நுனியில்) ஒட்டினால் ஓரம் தூக்கிக்கொள்கிறது.

ரம்பப்பல்:
இரண்டு காரணம். ரம்பம் விட்ட வெட்டுமுகம் சொரசொரப்பாக இருந்தால் டேப் மேடுகளில் மட்டும்தான் ஒட்டும். முதலில் கூரான இழைப்புளியால் இரண்டு இழை எடுங்கள், ஓரம் சிதறாமல் இருக்க இரு பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கி. அடுத்தது, ஈட்டியில் இயல்பாகவே இருக்கும் எண்ணெய்ப் பசை. துணியில் கொஞ்சம் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு ஒட்டுங்கள்.

கூர்உளி:
ஸ்பிரிட்டில் ஒரு எச்சரிக்கை: ஈட்டியின் சாயம் அதில் கரைந்து வழியும். பக்கத்தில் வெளிர் மரப் பட்டியோ பதித்த வேலைப்பாடோ இருந்தால் ஊதாக் கறை பிடிக்கும். அப்படியானால் ஸ்பிரிட்டைத் தவிர்த்து, புதிதாக இழைத்த கையோடு டேப் ஒட்டுங்கள்.

துளை பெரிய மரத்தில் சாக்பீஸ் சிக்கல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டேப்பும் தேவைப்படாத ஒரு வழி இருக்கிறது: வெளிச்சம். தலைக்கு மேல் இருக்கும் விளக்கு கீறலின் நிழலை அழித்துவிடும். அதை அணைத்துவிட்டு, ஒரு மேசை விளக்கைப் பலகை மட்டத்துக்குத் தாழ்த்தி, கோட்டுக்குக் குறுக்காக வெளிச்சம் விழும்படி வையுங்கள். கீறலின் ஒரு சுவர் மின்னும், மறுசுவர் கறுக்கும். கோட்டின் திசை மாறினால் விளக்கையும் நகர்த்த வேண்டும்.

சதுரமட்டம்:
வெள்ளைப் பென்சிலை அடியோடு ஒதுக்க வேண்டாம். 'இது மேல்பக்கம்', 'இது வெட்டி எடுக்கும் பகுதி' என்று பெருக்கல் குறி போட அதுவே போதும். அந்தக் குறிகளை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், பென்சிலில் இருக்கும் மெழுகு துளைக்குள் இறங்கி பாலிஷ் அங்கே பிடிக்காது. இழைப்புளியால் ஒரு இழை எடுத்தால் சுத்தமாகப் போய்விடும். வெள்ளை ஜெல் பேனா மட்டும் வேண்டவே வேண்டாம், மை ரேகை வழியே பரவும்.

இழைப்புளி:
பின்களின் பக்கக் கோட்டில் கீறலுக்குள்ளேயே அறுக்கணுமா, வெளியேயா?

ரம்பப்பல்:
வெளியே, வெட்டி எடுக்கும் பக்கத்தில். அறுத்து முடித்ததும் டேப் விளிம்பு முழுசாக நிற்க வேண்டும். அடிக்கோட்டில் (பற்களின் அடி முடியும் கோடு) மட்டும் வேறு: உளியால் எடுக்கும்போது கீறலிலிருந்து ஒரு மி.மீ. தள்ளி ஆரம்பித்து, கடைசித் தட்டுக்குத்தான் உளியைக் கீறலில் வையுங்கள். முதலிலேயே அங்கே வைத்து அடித்தால் உளியின் சரிவு அதைப் பின்னுக்குத் தள்ளி, கோட்டைத் தாண்டிவிடும்.