பிரெட் தொட்டுக்கொள்ளும் ஆலிவ் எண்ணெய்: பூண்டு நெடி, தங்கும் உப்பு

கேள்வி: 4 மேசைக்கரண்டி எக்ஸ்ட்ரா வர்ஜின் எண்ணெயில் பச்சைப் பூண்டு ஒரு பல், காய்ந்த ஆரிகானோ, உப்பு. பூண்டு நாக்கில் சுரீரென்கிறது, உப்பு அடியில் தங்குகிறது. எப்படிச் சரிசெய்வது?

பதில் 1: உப்பு எண்ணெயில் கரையவே கரையாது. பரிமாறும்போது மேலே தூவுங்கள். இல்லையென்றால் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாற்றில் கரைத்து ஊற்றுங்கள். பூண்டையும் அந்தச் சாற்றிலேயே நசுக்குங்கள். நெடிக்குக் காரணமான அல்லிசின் நசுக்கும்போதுதான் உருவாகிறது, புளிப்பு அதை மட்டுப்படுத்தும். அல்லது பூண்டை மிகச் சிறிய தீயில் எண்ணெயோடு சூடாக்கி, ஓரம் லேசாகப் பொன்னிறமானதும் இறக்குங்கள். பழுப்பேறினால் கசப்புதான்.

பதில் 2: ஆரிகானோவை உள்ளங்கையில் கசக்கிப் போட்டு 20 நிமிடம் ஊறவிடுங்கள், அப்போதுதான் மணம் இறங்கும். பிரெட்டும் முக்கியம்! மேலே மொறுமொறு, உள்ளே பெரிய துளைகள் உள்ள சியாபட்டா போன்றது வேண்டும். மெத்தென்ற சாண்ட்விச் பிரெட் எண்ணெயைக் குடித்துத் தொய்ந்துவிடும்.

பதில் 3: பூண்டு போட்ட எண்ணெய் மிஞ்சினால் வெளியே வைக்காதீர்கள். காற்றுப் புகாத எண்ணெய்க்குள் பாட்டுலிசம் என்ற கடுமையான உணவு நச்சேற்றத்தை உண்டாக்கும் கிருமி வளரலாம்; வாசனையில் தெரியாது. உடனே ஃபிரிட்ஜில் வைத்து 3 நாளுக்குள் முடித்துவிடுங்கள். உறைந்திருந்தால் கெட்டதென்று அர்த்தமில்லை, வெளியே எடுத்துவைத்தால் இளகிவிடும்.