அம்மாவின் தைராய்டு ரிப்போர்ட்

முருகன், காலை 7:05
அம்மாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்துவிட்டது. போட்டோ போட்டிருக்கிறேன். டி.எஸ்.எச் 18.4. பக்கத்தில் 0.4 முதல் 4 வரை நார்மல் என்று இருக்கிறது. டாக்டர் 50 மைக்ரோகிராம் தைராய்டு மாத்திரை எழுதியிருக்கிறார். 6 வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டுமாம்.

சேகர் மாமா, 7:11
18 என்றால் தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்றுதானே அர்த்தம்? அதற்கு மேலும் தைராய்டு மாத்திரை எதற்கு? அக்கா, இரண்டு நாள் பொறு. வேறு டாக்டரையும் கேட்டுவிடலாம்.

ராஜி சித்தி, 7:13
எனக்கும் அதே பயம்தான். தேவி டியூட்டி முடித்து வந்திருப்பாள், அவளைக் கேட்போம்.

தேவி அக்கா, 7:24
மாமா, பொறுக்க வேண்டாம். மாத்திரை சரிதான். எங்கள் லேபில் ரிப்போர்ட் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் இதையே கேட்பார்கள்.

டி.எஸ்.எச் தைராய்டில் சுரப்பதே இல்லை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அது கழுத்தில் இருக்கும் தைராய்டைப் பார்த்து "சுர" என்று கொடுக்கும் குரல்தான் டி.எஸ்.எச். கொல்லையில் இருப்பவரைக் கூப்பிடுகிறோம். ஒரு குரலுக்குப் பதில் வந்தால் விட்டுவிடுவோம். வராவிட்டால் சத்தமாகக் கூப்பிடுவோம் இல்லையா? 18 என்பது அந்தச் சத்தம்.

தேவி அக்கா, 7:26
அதே தாளில் கீழே எஃப்.டி4 பாருங்கள், ரத்தத்தில் இருக்கும் தைராய்டு ஹார்மோனின் அளவு அது. 0.6. குறைந்தது 0.8 இருக்க வேண்டும். அதுதான் தைராய்டு கொடுத்திருக்கும் பதில். சன்னமாக வருகிறது.

சேகர் மாமா, 7:30
அப்படியென்றால் தைராய்டு அதிகமாகச் சுரந்தால் டி.எஸ்.எச் இறங்குமா?

தேவி அக்கா, 7:31
ஆமாம் மாமா, 0.01 வரைக்கும்கூட இறங்கும். பிட்யூட்டரியிலேயே கோளாறு என்றால் கணக்கு வேறு, ஆனால் அது அபூர்வம். அதனால்தான் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கிறோம்.

முருகன், 7:36
அக்கா, சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொல்லிப் போர்வை கேட்டாள் அம்மா. மாடி ஏறவே யோசித்தாள். சும்மா படுத்தே இருக்கிறாய் என்று நான் கடிந்துகொண்டேன். இப்போது நினைத்தால் மனசு கேட்கவில்லை. கொலஸ்ட்ரால் ஏறியபோதும் பலகாரத்தைத்தான் குறை சொன்னோம்.

தேவி அக்கா, 7:44
தம்பி, அது எல்லாமே இதனால் வந்திருக்கலாம். உடம்பில் ஒவ்வொரு செல்லும் எவ்வளவு வேகத்தில் எரிபொருளை எரிக்க வேண்டும் என்று சொல்வது தைராய்டு ஹார்மோன். அது குறைந்தால் சூடு உண்டாவது குறையும், குளிரும். இதயத் துடிப்பு மெதுவாகும், குடல் மெதுவாகும், மலச்சிக்கல் வரும். ரத்தத்தில் இருந்து கெட்ட கொலஸ்ட்ராலை ஈரலும் சரியாக வாங்கிக்கொள்ளாது. தோல் வறண்டு, முடி கொட்டி, குரல்கூடக் கரகரக்கும். பெரியம்மா போனில் பேசும்போது சளி என்றே நினைத்தேன். நானே கவனித்திருக்க வேண்டும்.

ராஜி சித்தி, 7:47
அயோடின் உப்புதானே எல்லோரும் சாப்பிடுகிறோம், அப்புறம் எப்படி?

தேவி அக்கா, 7:50
உப்புக் குறைவால் இல்லாமலும் வரும் அம்மா. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குவதுதான் அதிகம். 1912ல் ஹஷிமோட்டோ என்ற ஜப்பான் டாக்டர் எழுதி வைத்ததால் அவர் பெயரிலேயே வழங்குகிறது. பெரியம்மாவுக்கும் அதுதானா என்று ஆன்டி டி.பி.ஓ என்ற ரத்தப் பரிசோதனை பார்த்தால் தெரியும். எப்படியானாலும் உப்பைக் கூட்டினால் சரியாகாது.

அம்மா, 7:58
வயசாகிவிட்டது, அதுதான் முடியவில்லை என்று இருந்துவிட்டேன் தேவி. மாத்திரையைக் காபியோடு போட்டுக்கொள்ளலாமா?

தேவி அக்கா, 8:01
வேண்டாம் பெரியம்மா. எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுங்கள். காபி ஒரு மணி நேரம் கழித்து. காபி அதை உடம்பில் சேர விடாது. மூட்டுவலிக்குப் போடும் கால்சியம் மாத்திரைக்கு 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரத்தில் தெம்பு வரவில்லையே என்று நிறுத்திவிடாதீர்கள். மாத்திரையில் இருக்கும் இந்தத் தைராய்டு ஹார்மோன் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 7 நாள் ஆகும். தினமும் போட்டு அளவு ஒரு நிலைக்கு வர 6 வாரம் பிடிக்கும். டாக்டர் அதைக் கணக்கிட்டுத்தான் சொல்லியிருக்கிறார்.

பிரியா, 8:09
தேவி அக்கா, நான் இரண்டு வருடமாகத் தைராய்டு மாத்திரை 75 மைக்ரோகிராம் போடுகிறேனே. ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து சொல்லலாம் என்றிருந்தேன், இதைப் படித்த பிறகு காத்திருக்கத் தோன்றவில்லை. நேற்று வீட்டில் டெஸ்ட் பார்த்தேன். பாசிட்டிவ். அதே மாத்திரையைப் போடலாம் இல்லையா?

ராஜி சித்தி, 8:10
அடி என் தங்கமே!

தேவி அக்கா, 8:12
பிரியா, ரொம்ப சந்தோஷம்மா! மாத்திரையை விடாமல் போடு, ஆனால் இன்றைக்கே டாக்டரிடம் சொல்லி டி.எஸ்.எச் பார். கர்ப்பத்தில் தேவை கால் பங்கிலிருந்து பாதி வரைகூட ஏறும், அதுவும் ஆரம்பத்திலேயே. குழந்தையின் தைராய்டு வேலை தொடங்கவே 12 வாரம் போல ஆகும். அதுவரை அதன் மூளை வளர்ச்சிக்கு வேண்டியது உன்னிடமிருந்துதான் போக வேண்டும். நீயாக அளவைக் கூட்டாதே, டாக்டர் சொல்லட்டும்.

சேகர் மாமா, 8:14
பிரியா, பத்து மணிக்கு வண்டி எடுத்து வருகிறேன், தயாராக இரு.

முருகன், 8:15
அம்மா, மாத்திரை வாங்கிவிட்டேன். காலை 5:30க்கு உன் போனில் அலாரம் வைத்துவிடுகிறேன்.

அம்மா, 8:16
அதெல்லாம் அப்புறம். பிரியா, போன் அடிக்கிறேன், எடு.