சம்பாவில் வேர் கறுப்பு: உரம் எங்கே தப்பாகிறது?

கடைமடை:
நெல் நட்டு மூன்று வாரமாகியும் தூர் கட்டவில்லையென்றால், அதாவது அடியில் பக்கத் தண்டுகள் கிளைக்கவில்லையென்றால், உரக்கடைக்கு ஓடுமுன் ஒரு குத்தைத் தோண்டிப் பாருங்கள். கையால் பிடுங்கினால் சல்லிவேரெல்லாம் அறுந்து சேற்றிலேயே தங்கிவிடும். மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்கு மண்கட்டியோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்து அலசணும். வெள்ளை நுனியோடு புது வேர் இறங்கியிருந்து, பழைய வேர் செம்பழுப்பாக இருந்தால் கவலையில்லை. வேர் வெளியே விடும் ஆக்சிஜன் பட்டு, சேற்றிலிருக்கும் இரும்பு துருவாகப் படிந்த நிறம் அது. வேர் கறுத்து அழுகின முட்டை நாற்றம் அடித்தால் சேற்றில் ஹைட்ரஜன் சல்பைடு சேர்ந்துவிட்டது. அந்த வேர் எதையும் இழுக்காது. அதற்கு மேல் யூரியா வீசுவது காசைத் தண்ணீரில் போடுவதுதான்.

ஆத்தங்கரை:
அண்ணன் சொன்னது சரி. கறுத்த வேருக்கு முதல் வைத்தியம் வடிகால். மயிரிழை வெடிப்பு விடும்வரை காயவிட்டு, மெல்லிசாகத் தண்ணீர் கட்டி, பொட்டாஷ் கொடுங்கள். வெள்ளை வேர் புதிதாக வந்த பிறகு யூரியா போடலாம். அம்மோனியம் சல்பேட் மட்டும் வேண்டாம். காற்றில்லாத சேற்றில் சல்பேட்தான் சல்பைடாக மாறுகிறது. பசுந்தாள் உரமான தக்கைப்பூண்டை மடக்கி உழுத மறுநாளே நட்டாலும் இதே கதிதான். ஒரு வாரம் பத்து நாளாவது மட்கவிடணும்.

மேட்டுவாய்க்கால்:
ஜிப்சமும் சல்பேட்தானே? அதை மட்டும் ஏக்கருக்கு 200 கிலோ போடச் சொல்கிறார்களே?

ஆத்தங்கரை:
நல்ல கேள்வி. இரும்பு நிறைய உள்ள களிமண்ணில் சல்பைடு இரும்போடு சேர்ந்து கட்டிப்போகும், வேரை அவ்வளவாகத் தாக்காது. இரும்பு குறைந்த மணல்சாரி நிலத்தில்தான் ஆபத்து. ஜிப்சத்தைக் கடைசி உழவில் போடுங்கள். வடியாமல் நாறிக் கிடக்கும் வயலில் நடுவில் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள்.

வண்டல்:
அளவையும் சொல்லிவிடுகிறேன். மத்திய, நீண்டகால ரகங்களுக்குப் பொதுப் பரிந்துரை எக்டருக்குத் தழை (நைட்ரஜன்) 150, மணி (பாஸ்பரஸ்) 50, சாம்பல் (பொட்டாசியம்) 50 கிலோ. ஏக்கருக்கு 60:20:20 என்று வைத்துக்கொள்ளலாம். மண் பரிசோதனை அட்டை கையில் இருந்தால் அதன்படிதான் போகணும்.

மணிச்சத்து முழுவதும் அடியுரம்: ஏக்கருக்கு டிஏபி (மணியும் தழையும் சேர்ந்த உரம்) 43 கிலோ. அதிலேயே 8 கிலோ தழைச்சத்து வந்துவிடுவதால் அடியுரத்தில் யூரியா 16 கிலோ போதும். பிறகு தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது, கதிர் வெளிவரும்போது யூரியா 33 கிலோ வீதம். சாம்பல்சத்துக்குப் பொட்டாஷ் உரம் 33 கிலோவை நான்காகப் பிரித்து நான்கு தடவையும் சேர்த்துப் போடணும். பொன்னிக்கு இவ்வளவு தழைச்சத்து ஆகாது, சாய்ந்துவிடும்.

இரண்டு மூட்டை யூரியாவை ஒரே வீச்சில் போட்டால் இலை கருகருவென்று வரும், பார்க்க அழகுதான். தழை ஓங்குகிற அளவுக்கு வேர் ஓங்காது. மேல்மண்ணிலேயே படர்ந்து நிற்கும். மழைக்காற்றில் முதலில் படுப்பது அந்தப் பயிர்.

டிஏபியை மேலுரமாகப் போடுகிறவர்களும் உண்டு. மணிச்சத்து மண்ணில் நகராது. சேற்றோடு கலக்காமல் மேலே கிடந்தால் பாசிக்குத்தான் விருந்து.

கடைமடை:
டிஏபி கூடினால் துத்தநாகம் அடிபடும். நட்டு இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் இலையில் துருப்புள்ளி விழுந்து பயிர் குட்டையாக நின்றால் அதுதான், களர் நிலத்தில் இன்னும் அதிகம். துத்தநாக சல்பேட் ஏக்கருக்கு 10 கிலோவை 20 கிலோ காய்ந்த மணலில் கலந்து, பரம்படித்த பிறகு நடவுக்கு முன் தூவணும். டிஏபியோடு ஒரே கூடையில் கலக்கவே கூடாது.

நாற்றங்கால்:
நாற்றிலேயே பாதி வேர் போய்விடுவதை யாரும் சொல்லவில்லையே. களிமண்ணில் பறிக்கும்போது வேர் அறுபட்டால், விதைத்த பத்தாம் நாள் சென்டுக்கு ஜிப்சம் 4 கிலோ, டிஏபி 1 கிலோ போடுங்கள். மண் பொலபொலத்து நாற்று சுலபமாக வரும். நடுமுன் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரம் இரண்டையும் எக்டருக்கு ஒவ்வொரு கிலோ 40 லிட்டர் தண்ணீரில் கரைத்து வேரை 15 முதல் 30 நிமிடம் நனைத்து வைக்கலாம். கரைசலை நிழலில் வையுங்கள், ரசாயன உரத்தோடு சேர்க்காதீர்கள்.